பின்வரிசைக்குக் கேட்கவில்லை

“ரேடியேஷன் எடுத்துக்கிட்டவங்க இருட்டுல மின்னுவாங்களா மேடம்?”

அரங்கமே கொல்லென்று சிரித்தது.

கேட்டவள் முன்வரிசையில் நின்ற பதினொன்றாம் வகுப்புக்காரி. குரல் அப்படி என்பதால் பள்ளிக்கூடமே அவளை ‘ஒலிபெருக்கி’ என்றுதான் கூப்பிடும்.

மேடையில் இருந்த அம்மாள், புற்றுநோய் மருத்துவமனையில் கதிர்வீச்சு மெஷினை இயக்கும் டெக்னீஷியன். இந்த வேலைக்கு என்ன படிக்கணும் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வந்திருந்தார்.

“மின்னினா எங்களுக்கு லைட்டே வேண்டாமேம்மா! மின்ன மாட்டாங்க.”

“சத்தமா சொல்லுங்க மேடம். பின்வரிசைக்குக் கேக்கலை.”

பின்வரிசையில் ஆசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நீண்ட லீவு முடிந்து வந்த பயாலஜி டீச்சர் மட்டும் ஓரத்தில். அவருக்கு இந்தப் பக்கம் இரண்டு நாற்காலி காலி.

தலைமையாசிரியர் பல்லைக் கடித்தார். அந்த மருத்துவமனையில் ஒரு நாள் முழுக்கக் கூடவே இருந்து பார்க்க ஒரே ஒரு மாணவருக்குத்தான் இடம். அவர் கையிலிருந்த லிஸ்ட்டில் முதல் பெயர் ஒலிபெருக்கி. அந்த இடத்துக்காக ஒரு வருஷமாக அவரை நச்சரித்து எடுத்தவளும் அவள்தான்.

“அவங்க பக்கத்துல உட்கார்ந்தா நமக்கும் முடி கொட்டுமா மேடம்?”

மொத்தக் கூட்டமும் திரும்பித் தலைமையாசிரியரின் வழுக்கையைப் பார்த்தது.

“கொட்டாதும்மா. இது வெளியிலேர்ந்து மெஷின்ல கொடுக்கிற வைத்தியம். லைட்டை அணைச்சப்புறம் ரூம்ல வெளிச்சம் மிச்சம் இருக்குமா? அதே மாதிரிதான். உடம்புல எதுவும் தங்காது.”

“அவங்க டம்ளர்ல நாம டீ குடிச்சா?”

“சர்க்கரை போதுமான்னு மட்டும் பார்த்துக்க. தாராளமா குடிக்கலாம்.”

“மைக்ல சொல்லுங்க மேடம். பின்வரிசைக்கு…”

“உட்காரு! இல்ல, உட்காராதே. வெளியே போ!” தலைமையாசிரியர் எழுந்துவிட்டார். எல்லோரும் பார்க்கப் பேனாவை எடுத்து முதல் பெயரை அடித்தார்.

அவள் கண் கலங்கிவிட்டது. ஆனால் வாசலைத் தாண்டும்போது ஒரு தடவை பின்வரிசையைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

டெக்னீஷியன் அம்மாள் அந்த மூன்று பதிலையும் மைக்கில் இன்னொரு முறை சொல்லிவிட்டுத்தான் பேச்சை முடித்தார்.

“மன்னிச்சுக்கங்க மேடம். இந்தக் காலத்துலயும் எவ்வளவு அறியாமை பாருங்க! வாங்க, டீ சாப்பிடலாம்” என்று தலைமையாசிரியர் அவரை ஆசிரியர் அறைக்கு அழைத்துப் போனார்.

அந்தப் பெண் விட்டுவிட்டுப் போன நோட்டு டெக்னீஷியன் கையில் இருந்தது. சும்மா பிரித்தார். மெஷினின் படம், பாகம் பாகமாக. அடியில் மணிமணியான எழுத்தில்: ‘மின்ன மாட்டார்கள். பக்கத்தில் உட்காரலாம். ஒரே டம்ளரில் குடிக்கலாம்.’ தேதி போன மாதத்தது.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அப்போது பயாலஜி டீச்சர் உள்ளே வந்தார். முப்பது நாள் தன் மெஷினில் படுத்து எழுந்த முகத்தை டெக்னீஷியனுக்கு மறக்குமா? இருவரும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

டீச்சர் நேராக ஜன்னலுக்குப் போய், அங்கேயே நின்றார்.

“என் டம்ளர் தனியா இங்கதானே இருக்கும்…”

பிசிக்ஸ் சார் தொண்டையைச் செருமினார். “இங்க… எங்க டம்ளரோடதான் இருக்கு டீச்சர். வாங்க, இப்படி உட்காருங்க.” பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

தலைமையாசிரியர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

டீச்சர் உட்கார்ந்தார். எல்லோரோடும் சேர்ந்து டீ குடித்தார்.

டெக்னீஷியன் நோட்டோடு வெளியே வந்தார். ஒலிபெருக்கி தூணோரம் நின்றிருந்தாள்.

“பதிலெல்லாம் எழுதி வச்சுக்கிட்டே ஏம்மா கேட்ட? கிடைச்ச இடமும் போச்சே!”

அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. கதவிடுக்கில் எட்டிப் பார்த்தபடி, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக மெல்லிய குரலில் கேட்டாள்:

“எங்க பயாலஜி மிஸ்ஸோட டம்ளர் மேசைக்கு வந்துடுச்சா மேடம்?”

டெக்னீஷியன் ‘ஆமாம்’ என்று தலையாட்டினார். பிறகு விறுவிறுவென்று உள்ளே திரும்பினார்.

“சார், அந்த லிஸ்ட்டையும் பேனாவையும் கொஞ்சம் கொடுங்க.”