எழும்பாத எதிரி

மூன்றாவது தடவையும் வாப்பா வாவிக்குள் விழுந்து செத்தார். ஸாதியா கை தட்டிச் சிரித்தாள்.

“முதலைக்கு இந்த வேகம் கூட, மகள். கொறைங்க,” என்றான் ஸியாம். லெப்டொப் திரையில் அவனைப் போலவே தாடி வைத்த ஒரு குட்டி மனிதன் மல்லாந்து மிதந்தான். “நான் செத்துக்கொண்டே இரிந்தா ஆரு விளையாடுற?”

முதலை தொட்டால் வாப்பா சாக வேண்டும் என்ற கட்டளையை ஸாதியா தானே போட்டிருந்தாள். அதில் மட்டும் ஒரு பிழையும் இல்லை.

போகுமுன் மகளுக்கு ஒரு கேம் செய்யப் பழக்குவதாக வாக்குக் கொடுத்திருந்தான். நாளை கட்டாருக்குத் திரும்ப வேண்டும். பாஸ்போட்டை நேற்றுக் காலையிலிருந்து காணவில்லை. நாளை விமானம் ஏறாவிட்டால் வேலை இன்னொருவனுக்குப் போய்விடும்.

“அலுமாரிக்குப் பின்னால பாத்தீங்களா?” தையல் மெஷினை மிதித்தபடியே மனைவி இர்ஷானா கேட்டாள்.

“பாத்திட்டன்.”

“கட்டிலுக்குக் கீழ?”

“கோழிக்கூட்டுக்குள்ளயும் டோர்ச் அடிச்சிப் பாத்திட்டன்.”

“ஒங்கட கையில ஒரு சாமான் நிண்டாத்தானே! புள்ளைக்கு ஒம்பது வயசாகிட்டு. எங்கட ராத்தா அவட மகளுக்குச் சீதன வீட்டுக்கு மேல்மாடியும் கட்டி முடிச்சிட்டா. இவளுக்கு இன்னும் அத்திவாரமே இல்ல. வாற மாப்பிள்ளைய தென்னைக்குக் கீழ பாய் விரிச்சா இரிக்கச் சொல்ற?”

இரண்டு வருடமாக ஸியாம் போனில் கேட்ட பேச்சுத்தான். மெஷின் மறுபடி கடகடத்தது. நேற்றிலிருந்து ஸாதியாவின் உம்மா மகளின் பெருநாள் சட்டையைத் தைக்கிறாள். பெருநாளைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

இரண்டாவது லெவலில் வாப்பா ஒரு வீட்டுக்குள் நின்றார். வெளியே விமானம் நின்றது. வாசற்கதவு பூட்டிக் கிடந்தது; சாவியைக் காணவில்லை.

“திறப்பு எங்க, மகள்?”

“இல்ல.”

“அப்ப வாப்பா எப்படி வெளியே போற?”

“போகேலா.”

“வெல்ல வழி இல்லாட்டி அது கேம் இல்ல. எங்கயாவது திறப்ப ஒளிச்சி வைங்க. தேடினாக் கிடைக்கோணும்.”

ஸாதியா நகத்தைக் கடித்தாள். பிறகு ஜன்னலோரம் ஒரு பெட்டியை வைத்தாள். அதன் முன் முகமில்லாத ஓர் உருவத்தை இருத்தி, அதற்கு அடியில் திறப்பைச் செருகினாள்.

“இது எதிரியா? எதிரிண்டா அங்கயும் இங்கயும் நடக்கோணும். நடக்க வைங்க.”

“இது நடக்காது வாப்பா. எழும்பவே எழும்பாது.”

ஸியாம் திரையை உற்றுப் பார்த்தான். தங்கள் வீட்டைப் போலவே இடப்பக்கம் அடுப்போடு குசினி, பின்னால் கிணறு, ஜன்னலோரம் அந்தப் பெட்டி. மெல்லத் தலையைத் திருப்பினான். ஜன்னலோரம் தையல் மெஷின் இருந்தது.

“இர்ஷானா, கொஞ்சம் எழும்பு.”

“இப்ப ஏலா. நூல் அறுந்திரும்.”

“எழும்பு.”

அவள் எழும்பினாள். ஸ்டூலில் கிடந்த மெத்தையைத் தூக்கினான். பாஸ்போட் அதற்கடியில் இளஞ்சூட்டோடு கிடந்தது.

அவனுக்குக் கோபம் வரவில்லை. மகளின் முன்னால் போய்க் குந்தினான்.

“வாப்பா போகக்கூடாதெண்டா ஒளிச்சீங்க, மகள்?”

“புள்ளைக்கு ஏசாதீங்க,” என்று இடையில் புகுந்தாள் இர்ஷானா. “நாளைக்குப் போற மனிசன். அது அறியாத புள்ள.”

ஸாதியா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முதலையின் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தாள்.

“நான் ஒளிக்கல்ல வாப்பா. உம்மா வைக்கக்குள்ள கண்டன்.”