படத்தில் இருந்த கை

பாரிஸில் வரைந்த படம் மாளிகைக்கு வந்ததும் பிரபு கிட்டே போய்ப் பார்த்தார். படத்தில், நீலப் பட்டில், மடியில் ரோஜாவோடு அவர் மனைவி சிடோனி.

"முகம் யாரோ மாதிரி இருக்கு," என்றார், பக்கத்தில் நின்ற அவளிடம். "ஆனா கை இருக்கே, அச்சு அசல் உன் கை! சுண்டுவிரல் லேசா வளைஞ்சிருக்கிறதைக்கூட விடலையே அந்த ஓவியன்!"

"அவ்வளவு நல்லாத் தெரியுமா?"

"தெரியாதா பின்னே? இருட்டுல தொட்டாக்கூடச் சொல்லிடுவேன்."

குடிக்கச் சூடான சாக்லேட் கொண்டுவந்த பணிப்பெண் பெரினின் தட்டில் கோப்பை கடகடத்தது.

சிடோனி நேரான தன் சுண்டுவிரலைப் பார்த்துக்கொண்டாள்.

"முகத்தை வரைஞ்சு முடிஞ்சதும் நான் கிளம்பிட்டேன். எல்லாச் சீமாட்டிகளும் செய்யறதுதானே. என் கவுனைப் போட்டுக்கிட்டு, கையை வரைய உட்கார்ந்தது பெரின்தான்," என்றாள். "அடுத்த படத்துல முகத்துக்கும் அவளையே உட்கார வெச்சிடலாம். உங்களுக்கு யாரோ மாதிரி இருக்காது."