வாய்ப்புண்

ரத்தப் பரிசோதனையை அந்த நிபுணரே பார்த்துக்கொள்வார் என்று எப்படி நினைத்தாள்? டார்ச் வெளிச்சத்தில் ஜெசிந்தா ஆன்ட்டியின் வாய்க்குள் வெள்ளை வெள்ளையாகப் புண்கள். மூட்டுவாதத்துக்கு, புனேயில் ஔந்த் பகுதி நிபுணர் தொடங்கிய மாத்திரை. மாதாமாதம் ரத்தம் பார்த்தே தரவேண்டியது. அவர் ஆன்ட்டியைத் தன்னிடம் நம்பி ஒப்படைத்த பெருமையில், எதுவும் கேட்காமல் மருந்துச்சீட்டு எழுதிக்கொண்டே வந்தவள் டாக்டர் ஃபேபியோலா. வானவடி கிளினிக்கின் மேசைக் கண்ணாடியில் வெயில் கூசுகிறது. அவளுக்குக் காதுமடல் சுடுகிறது. "மிசல் தின்னேன்மா, அந்தக் காரம்தான்." ஆன்ட்டி சிரித்தபடி, வீங்கிய விரல்களால் பேனாவை அவள் பக்கம் தள்ளுகிறாள். "சீக்கிரம் எழுது, ரிக்ஷாக்காரன் கத்துவான். சர்ச்சுல எல்லார்ட்டயும் உன்னத்தான் பெருமையா சொல்றேன்." ஃபேபியோலா டார்ச்சை அணைக்கிறாள். பேனாவைத் தொடவில்லை. "காரமில்ல ஆன்ட்டி, மாத்திரைதான். ரத்தம் பாக்காம எழுதினது என் தப்பு. இன்னிக்கு எழுத மாட்டேன்."