சொத்தைக் கடலை

வரப்பில் பூனை காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தது. மண்ணுக்கடியில் ஐந்து எலிகள் தங்கள் வளைகளை இணைத்த புதுச் சுரங்கத்தைச் சோதித்துக்கொண்டிருந்தன. வருவதை அடுத்த வளைக்குத் தள்ளிவிட வேண்டும். அனுப்பியது யாரென்று ஒருவரும் சொல்லக் கூடாது.

குட்டி போட்டிருந்த வெள்ளெலி ஒரு கடலையை உருட்டிவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டது. கடலை கைமாறிக் கைமாறிக் கடைசி வளைக்குப் போய்ச் சேர்ந்தது. அது பாறைக்குள் இருந்த வளை, பூனைக்கு எட்டாது.

“வந்துவிட்டது! அனுப்பிய புண்ணியவான் யாரப்பா?” என்று அங்கிருந்து கிழட்டெலி கத்தியது.

வெள்ளெலி பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தது.

“யாராயிருந்தால் என்ன, சொத்தைக் கடலை!” என்றது கிழட்டெலி.

“சொத்தையா? என் குட்டிகளுக்கு வைத்திருந்ததில் பொறுக்கியெடுத்து அனுப்பினேன், மாமா!”

சொல்லி வாய் மூடுவதற்குள் வெள்ளெலியின் வளை வாசலில் வெளிச்சம் மறைந்தது.