சுவரில் பதித்த தெரு

ஆளில்லா ஆம்புலன்ஸின் வரைபடத்தில் சங்குமேடு என்ற தெருவே இல்லை. அதனால் அது பாலத்திலிருந்தே திரும்பிப் போக, ஜெசிந்தாவின் கணவன் மூச்சுத் திணறியே செத்தான்.

பழைய கைபேசிகளைப் பிரித்துப் பிழைக்கும் ஜெசிந்தா, தெருவையே திரட்டி, பாலத்துச் சுவரில் உடைந்த திரைகளால் சங்குமேட்டின் வரைபடத்தைப் பதித்தாள். அதில் அவரவர் வீட்டை அவரவரே ஒளிரவைத்தார்கள்.

அதிகாரி ஒருவர் பொன்னாடையோடு வந்தார். "அற்புதமான கலைம்மா. மியூசியத்துல வைக்கப்போறோம்."

"ஆம்புலன்ஸ் மேப்புல எங்கள எப்ப ஏத்துவீங்க?"

"அது வேற துறை."

ஜெசிந்தா பொன்னாடையைத் தொடவில்லை.

மறுநாளே, சுவரைப் பெயர்த்துப் போக ஆளில்லா லாரி ஒன்று வழி தவறாமல் வந்து நின்றது.

"எம் புருசன ஏத்த வழி தெரியல, சுவத்த ஏத்த மட்டும் தெரியுதா?" என்று கொதித்தவள், சக்கரத்தின் முன்னே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். தெருவே வந்து அவளை ஒட்டி உட்கார்ந்தது.