கடைசிப் பாட்டுக்குத் தாளம் இல்லை

நிருபர்கள் தெருமுனை திரும்புவதற்குள், மேவிஸ் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்பக்கத்து நிலக்கரி அறைக்குள் ஒளித்தாள். அதன் நீளக் கட்டைப் பிடியின் முனை நசுங்கிப் பூவாய் விரிந்திருந்தது. தடயம் மறைந்த பிறகுதான் உதட்டுச்சாயம் பூச மனம் வந்தது.

பக்கத்து வீட்டுச் சுவரில் இன்று நீல நினைவுப் பலகை திறக்கிறார்கள். ஷெஃபீல்டில் 'நைட் ஷிப்ட்' இசைக்குழு என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். கிளைவ், ரஸ்ஸல் என்ற இரண்டு பொடியன்கள், ஒரு மலிவு சிந்தசைசர் கீபோர்டையும் ஒரு டேப் ரெக்கார்டரையும் வைத்துக்கொண்டு முதல் ஆல்பத்தைப் பதிவு செய்த வீடு அது. நாற்பது வருஷமாக ஊர் உலகமே கேட்டு உருகுகிறது.

தானும் உருகியதாகத்தான் மேவிஸ் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். வேளாவேளைக்கு டீ கொடுத்தாளாம். "பெரிய ஆளா வருவீங்கடா" என்று முதுகில் தட்டினாளாம். ஆல்பம்கூட அவள் வீட்டுக் கணப்பு மேடையில் கம்பீரமாக நிற்கிறது, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல்.

உண்மையில் அவள் தட்டியது சுவரை. அந்தக் குளிர்காலம் முழுக்க, அங்கே சிந்தசைசர் 'பீங்' என்றால் இங்கே துடைப்பக்கட்டை இடிக்கும். வாசலில் போய்ச் சண்டை போடுவது அந்தத் தெருவில் கௌரவக் குறைச்சல். நடுச்சுவரை இடிப்பதுதான் மரியாதை. புதன்கிழமை கிளப்பில் ஆடும் பிங்கோவை விட்டால் அவளுக்கு வேறு பொழுதுபோக்கும் கிடையாது.

இன்றைக்கு அந்தப் பொடியன்கள் கையில் மைக் கொடுக்கப் போகிறார்கள். ஒரு வார்த்தை விட்டால் போதும், நாற்பது வருஷப் பெருமை சந்தி சிரிக்கும்.

எதிர்வீட்டு கிளெண்டா அதற்காகவே முதல் வரிசையில் இடம் பிடித்திருந்தாள். "என்ன மேவிஸ், உன் வளர்ப்புப் பிள்ளைங்க உன்னைப் பத்தி நாலு வார்த்தை சொல்வாங்கல்ல?"

"சொல்லாம எங்க போவாங்க" என்றாள் மேவிஸ்.

தலை வழுக்கையாகிவிட்ட பொடியன்கள் திரையை விலக்கினார்கள். ஒரு நிருபர் எழுந்து நீளமாக ஆரம்பித்தார். ஆல்பத்தின் உயிரே அந்தத் தாளம்தான். போகப் போகக் கோபமாக ஏறும் அந்த இடி எந்த இயந்திரத்தில் பிறந்தது என்று ஜப்பான்வரை தேடுகிறார்கள். ஆனால் கடைசிப் பாட்டில் மட்டும் அது இல்லை. மூடிய இரும்பாலைகளின் மௌனம் அது என்று யாரோ ஒரு பேராசிரியர் புத்தகமே எழுதிவிட்டார். அவர் சொல்வது சரிதானா?

கிளைவ் கூட்டத்தைத் துழாவினான். பார்வை மேவிஸிடம் வந்து நின்றது. போச்சு, மானம் கப்பலேறியது என்று அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்தாள்.

"மெஷின் வாங்க எங்ககிட்ட ஏதுங்க காசு" என்றான் கிளைவ்.

ரஸ்ஸல் மைக்கை வாங்கிக்கொண்டான்.

"கடைசிப் பாட்டு எடுத்தது புதன்கிழமை. மேவிஸ் அத்தை பிங்கோவுக்குப் போயிட்டாங்க."