அணிவகுப்பில் ஒரு தடுமாற்றம்

இசையமைப்பாளர் அஸ்ரத் வாத்தியக்குழுவின் முன்னால் கோலை அசைத்துக்கொண்டிருந்தபோதே கர்னல் கையைத் தூக்கினார்.

எக்காளங்கள் நின்றன.

"இந்த இடத்தில் என்ன நொண்டுகிறது?"

நொண்டத்தான் செய்தது. நேராகப் போய்க்கொண்டிருந்த அணிவகுப்பு இசை, நடுவில் இரண்டு சுரம் வைத்துத் தயங்கியது. இன்னொரு சுரம். பிறகு பெரிய முரசு மட்டும் தொப்பென்று ஒலித்தது. ஒரு மூச்சு மௌனம். அதற்கப்புறம்தான் எல்லாக் கருவிகளும் சேர்ந்து எழுந்தன.

புரட்சி நாளுக்காக அவர் எழுதிய இசை. அடிஸ் அபாபாவின் பெரிய சதுக்கத்தில் படைகள் இதற்குத்தான் கால் வைக்கவேண்டும். அன்றிலிருந்து தினமும் காலையில் வானொலியிலும் ஒலிக்கும்.

அவருக்கு வேண்டியது அந்த வானொலிதான்.

வுபித் இருந்த சிறை முற்றத்தில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். வானொலியைக் கைதிகள் நின்றபடி கேட்கவேண்டும்.

வுபித் அவர் மனைவி. பள்ளி ஆசிரியை. அவள் தம்பி போராளிகளோடு மலைக்குப் போய்விட்டான் என்று அக்காவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்போது கைக்குழந்தையான மகள் ஹிவோத் குப்புற விழக்கூடப் பழகியிருக்கவில்லை.

மனைவியைப் பூட்டியவர்களுக்கே இசை எழுதுகிறான் என்று நண்பர்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார்கள். அவர் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

சிறையில் பார்க்க விடமாட்டார்கள். கடிதம் கூடாது. சனிக்கிழமை சாப்பாட்டுக் கூடை கொடுக்கலாம். காலிக் கூடை திரும்பி வரும்.

காலியாக வந்தால் மட்டும் என்ன தெரிந்துவிடும்? காவலர்களுக்கும் பசிக்கும்.

சில வீட்டாரிடம் வாசலிலேயே சொல்லிவிடுவார்கள். "இனிமேல் சாப்பாடு வேண்டாம்." அவர்கள் கூடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் அழலாம்.

இப்போது ஹிவோத் நடக்கிறாள்.

அதை வுபித்திடம் எப்படிச் சொல்வது?

மூத்தவன் முதன்முதலாக நடந்த அன்று அவர் பியானோ முன்னால் இருந்தார். பிள்ளை வைத்த ஒவ்வோர் அடிக்கும் ஒரு சுரம் தொட்டார். இரண்டு அடி. தயக்கம். இன்னொன்று. பிள்ளை தொப்பென்று உட்கார்ந்ததும், கீழ்க்கட்டைகளை உள்ளங்கையால் மொத்தமாக அழுத்தினார். வுபித் சிரித்த சிரிப்பில் அடுப்பில் காப்பி பொங்கி வழிந்தது. அப்புறம் அந்த வீட்டில் யார் கால் தடுக்கினாலும் அவள் வாயில் அதுதான் வரும்.

வெளியே ஒருவருக்கும் தெரியாத பாட்டு.

"தோழர் அஸ்ரத், உங்களைத்தான் கேட்கிறேன். இதற்கு என் சிப்பாய்கள் எப்படி நடப்பார்கள்?"

வாத்தியக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அவர் கோலைத் தாழ்த்தினார்.

"மக்கள் விழுகிறார்கள், தோழரே. விழுந்து எழுகிறார்கள்."

கர்னல் மோவாயைத் தடவினார். கூரையை அண்ணாந்து பார்த்தார். மறுபடி வாசிக்கச் சொன்னார். கண்களை மூடிக்கொண்டு கேட்டார்.

"விழுவது போதாது," என்றார். "முரசை இன்னும் ஓங்கி அடிக்கச் சொல்லுங்கள்."

புரட்சி நாளன்று படைகள் நடந்தன. அந்த இடத்தில் எல்லோரும் சற்றே தடுமாறி, மறுபடி சேர்ந்துகொண்டார்கள். மேடையில் கைதட்டினார்கள்.

மறுநாளிலிருந்து அவர் சமையலறையில் நின்று வானொலியைக் கேட்டார். அங்கே மின்சாரம் இருக்குமா? ஒலிபெருக்கி சரியாகக் கேட்குமா? அவள் முற்றத்துக்கு வந்திருப்பாளா?

அவள் அங்கே இருக்கிறாளா?

சனிக்கிழமை வந்தது. யூகலிப்டஸ் மரங்களுக்குக் கீழே வெள்ளைப் போர்வைப் பெண்களின் வரிசை. இடுப்பில் ஹிவோத்தோடு அவரும் நின்றார். கூடை உள்ளே போனது. வெயில் ஏறியது. பெயர்களைக் கூப்பிட்டார்கள். அவருக்கு முன்னால் நின்றவளிடம் காவல்காரி ஏதோ சொன்னாள். அவள் சாப்பாடு குறையாத கூடையோடு திரும்பி நடந்தாள்.

அவர் பெயர் வந்தது.

காவல்காரி கூடையை நீட்டினாள். "சோதித்தாயிற்று. கடிதம் ஒன்றும் இல்லை. எடுத்துக்கொண்டு போங்கள்."

காலிப் பாத்திரத்துக்குக் கீழே ஒரு ஜோடி செருப்பு. தடித்த நூலில் பின்னி, பழைய இடுப்புவாரை அடியாக வைத்துத் தைத்தது.

சாலையோரத்திலேயே உட்கார்ந்து ஹிவோத்தின் காலில் போட்டுப் பார்த்தார். கால் உள்ளே நீந்தியது. பள்ளிக்குப் போகிற பிள்ளையின் அளவு.

கூடை மாறிவிட்டதா? வேறு யாருடைய பிள்ளைக்கோ தைத்ததா?

ஹிவோத் முகத்தைச் சுளித்துக் காலை உதறினாள்.

செருப்பின் முனையில் ஏதோ திரண்டு கிடந்தது. விரலை விட்டு இழுத்தார்.

இன்னொரு செருப்பு. சின்னது. மற்றதற்குள்ளும் ஒன்று.

அவை ஹிவோத்துக்கு அச்சாகப் பொருந்தின. கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு நெல் இடம்கூடக் கூடவில்லை, குறையவில்லை.

நடக்காத பிள்ளைக்கு யாரும் தோல் அடி வைத்துத் தைக்கமாட்டார்கள்.

அவர் சிரித்தார். வரிசையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வாசலில் யாரும் சிரிப்பதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைத் தரையில் இறக்கிவிட்டார். அவள் புதுச் செருப்பைக் குனிந்து பார்த்தாள். அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

மற்றொரு கையில் பெரிய ஜோடி இருந்தது.

அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஹிவோத்துக்குப் பொருந்த இன்னும் எத்தனை வருடம் ஆகும் என்று எண்ணிப் பார்க்கவில்லை. கோட்டின் உட்பையில் வைத்துப் பித்தானைப் போட்டார்.

"வா, ஹிவோத்," என்றார். "மெதுவாகவே போகலாம்."